எம்ஓயு-ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு கலர் பேனா எடுத்துக்கோ தம்பி

தம்பி கேட்டது இதுதான், மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கமா சொல்லிடறேன். கொருக்குப்பேட்டைல பன்னெண்டு வருஷமா சாயங்கால டியூஷன் சென்டர் நடத்தறாங்க, டிரஸ்ட்டா பதிவு பண்ணிருக்காங்க, ரெண்டு சென்டர், அஞ்சு டீச்சருங்க. இப்போ ஒரு பெரிய தொண்டு நிறுவனம் ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் காசுல, அதாவது கம்பெனி லாபத்துல சமூக வேலைக்கு ஒதுக்கற காசுல, இவங்களோட சேர்ந்து வேலை செய்யலாம்னு வந்திருக்கு, காசிமேடு பக்கம் மூணாவது சென்டரும் தொறக்கலாம்னு சொல்லிருக்கு. பதினாறு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம்னு ஒரு பேப்பர், அனுப்பிட்டு, "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்புங்க"ன்றாங்களாம். போடலாமா வேணாமான்னு கேக்கறாரு.

இப்ப இருக்கற மாதிரி அப்படியே போடாத. வேணாம்னும் சொல்லிடாத. நான் வக்கீல் இல்ல, தண்டையார்பேட்டைல ஒரு சின்ன டிரஸ்ட்ல இருவது வருஷமா கணக்கும் பேப்பரும் பாத்துட்டு இருக்கேன், இந்த மாதிரி பேப்பர் பத்து பதினஞ்சு கைல வாங்கிருக்கேன், அதுல முதல் மூணுல படிக்காம கையெழுத்து போட்டு நல்லா பட்டிருக்கோம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல அந்த பேர். எம்ஓயு-னு போட்டிருந்தா அது சும்மா புரிந்துணர்வு, கோர்ட்டுல நிக்காதுன்னு நம்ம ஏரியால நெறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க. தலைப்புல என்ன எழுதிருக்குன்றது முக்கியம் இல்ல, உள்ள என்ன எழுதிருக்குன்றதுதான் முக்கியம். இந்தியன் கான்ட்ராக்ட் ஆக்ட் 1872-ல, அதாவது நூத்தம்பது வருஷத்துக்கு மேல பழசு, இன்னிக்கும் அதுதான் ஓடுது, அதோட செக்‌ஷன் 10 கேக்கறது ரெண்டு தரப்பும் மனசார ஒத்துக்கிட்டாங்களா, ஒப்பந்தம் போட தகுதி இருக்கா, பதிலுக்கு பதில் ஏதாவது குடுக்கறாங்களா, நோக்கம் சட்டப்படி சரியா, இவ்ளோதான். ஒருத்தர் காசு தரேன்றாரு, இன்னொருத்தர் வேலை செய்யறேன்றாரு, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா, மேல எம்ஓயு-னு இருந்தாலும் அது பெரும்பாலும் ஒப்பந்தம்தான். சில பேப்பர்ல முன்னாடி பக்கத்துல "இது சட்டப்படி கட்டுப்படுத்தாது"ன்னு போட்டுட்டு கடைசி பக்கத்துல "பணத்த திருப்பி குடுக்கற க்ளாஸ், ரகசியம் காக்கற க்ளாஸ், இது ரெண்டும் மட்டும் கட்டுப்படுத்தும்"னு போட்டிருப்பாங்க (க்ளாஸ்னா இங்க வகுப்பு இல்ல, ஒப்பந்தத்துல ஒரு பிரிவு). அதுக்கு அர்த்தம் அவங்க செய்யவேண்டியது எதுவும் கட்டுப்படுத்தாது, நீ திருப்பி குடுக்கவேண்டியது மட்டும் கட்டுப்படுத்தும். இத கண்டிப்பா தேடிப்பாரு.

இப்போ பேனாவுக்கு வரேன். 2014-ன்னு நெனக்கறேன், எங்க டிரஸ்ட்ட ஆரம்பிச்ச டீச்சரம்மா, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், இப்போ இல்ல அவங்க. ஒரு நாள் ராத்திரி பசங்கெல்லாம் போனதுக்கப்புறம் சென்டர்ல இருந்த பெஞ்சுமேல அப்போ எங்களுக்கு வந்த ஒரு எம்ஓயு பேப்பர விரிச்சு வெச்சு, பரீட்சை பேப்பர் திருத்தற சிவப்பு பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் எடுத்துட்டாங்க. "நாம செய்யவேண்டியது எல்லாம் சிவப்பு, அவங்க செய்யவேண்டியது எல்லாம் நீலம், நீ படி, நான் கோடு போடறேன்"ன்னாங்க. நான் ஒவ்வொரு வரியா படிச்சேன். ஃபேன் சத்தம் தவுர வேற சத்தம் இல்ல. பக்கத்துக்கு பக்கம் சிவப்பாவே போகுது. கடைசில எண்ணிப்பாத்தா சிவப்பு 31, நீலம் 6. அந்த ஆறுலயும் நாலு எப்படி எழுதிருந்துச்சுன்னா, அவங்க புக்கு தர "முயற்சி எடுப்பாங்க", டிரெயினிங் "தேவைப்பட்டா குடுக்கலாம்", இப்படி. நம்ம முப்பத்தொண்ணுலயும் "கட்டாயம் செய்யணும்". டீச்சரம்மா கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு, "இதுல கூட்டாளி எங்க இருக்காங்க? நாம மட்டும்தான இருக்கோம்"ன்னாங்க. எனக்கு இன்னிக்கும் அந்த பேப்பர் கண்ணுக்குள்ள நிக்குது.

அதனால நீயும் இன்னிக்கு ராத்திரி அதையே செய். பிரிண்ட் எடு, ஃபோன்ல படிக்காத. இங்கிலீஷ்ல "ஷால்"னு இருந்தா கடமை, தப்ப முடியாது. "மே"ன்னு இருந்தா செய்யலாம் செய்யாமயும் இருக்கலாம், அது உரிமை, கடமை இல்ல. "என்டெவர்", "பெஸ்ட் எஃபர்ட்ஸ்", "அஸ் ஃபார் அஸ் பாசிபிள்" இதெல்லாம் முயற்சி பண்ணேன்னு காட்டினா போதும், முடிஞ்சுதா இல்லையான்னு யாரும் கேக்கமுடியாது. உன் டீச்சருங்க ஹாஜரு 90 சதவீதம் "ஷால்", அவங்க காசு அனுப்பறது "என்டெவர்"னு இருந்தா, அந்த ஒரு வார்த்தைய மாத்தச் சொல்றதுதான் உன் முதல் வேலை. நீலக் கோடும் சிவப்புக் கோடும் சமமா இருக்கணும்னு நான் சொல்லல, களத்துல நிக்கறது நாமதான், நமக்கு வேலை கூடதான் இருக்கும். ஆனா நீலக் கோடு போட்டது அஞ்சோ ஆறோ இருந்தாலும் அது ஒவ்வொண்ணும் "ஷால்"ஆ இருக்கணும், தேதியோட இருக்கணும்.

தேதின்னு சொன்னேன்ல, இப்போ சொல்றதுதான் இந்த மொத்த பதில்லயே முக்கியமான விஷயம், இத மட்டும் படிச்சாக்கூட போதும். ஒப்பந்தத்துல யாரு என்ன செய்யணும்னு எழுதறது பாதி வேலைதான். எது முன்னாடி எது பின்னாடி, எது நடந்தாதான் எது நடக்கணும்ன்ற வரிசைய எழுதினாதான் மீதி பாதி. எங்களுக்கு நடந்தத சொல்றேன். ஒரு அமைப்பு, பேரு வேணாம், ஜூன் மாசம் வாசிப்பு புக்கும் டீச்சருங்களுக்கு டிரெயினிங்கும் தரதா இருந்துச்சு, மார்ச் முடியறதுக்குள்ள இத்தினி பசங்க தமிழ் சரளமா படிக்கணும்ன்றது நம்ம டார்கெட். புக்கு வந்தது செப்டம்பர் கடைசில. டிரெயினிங் அக்டோபர்ல, அதுவும் ரெண்டு நாளுக்கு பதிலா ஒரு நாள். நாங்க ஒண்ணும் சொல்லல, பெரிய எடம், காசு தராங்க, ஏன் மனஸ்தாபம்னு வாய மூடிட்டு இருந்துட்டோம். மார்ச்ல டெஸ்ட் வெச்சாங்க, டார்கெட்ல முக்கால்வாசிதான் வந்துச்சு. மூணாவது தவணைய நிறுத்திட்டாங்க. மூணு மாசம் டீச்சருங்களுக்கு சம்பளம் இல்ல. அதுல ஒரு பொண்ணு வண்ணாரப்பேட்டைல துணிக்கடைக்கு வேலைக்கு போயிடுச்சு, அந்த மாதிரி ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு சொல்லித்தர ஆள் எங்களுக்கு அப்புறம் கெடைக்கவே இல்ல. புக்கு லேட்டா வந்துச்சேன்னு சொன்னா, "டார்கெட் எம்ஓயு-ல இருக்கு, புக்கு தேதி எம்ஓயு-ல இல்லையே"ன்னாங்க. உண்மைதான், இல்ல.

ஆனா சட்டத்துல இதுக்கு வழி இருந்திருக்கு, எங்களுக்குதான் அப்போ தெரியல. கான்ட்ராக்ட் ஆக்ட்ல செக்‌ஷன் 51-ல இருந்து 54 வரைக்கும் படி, நாலும் சேத்து ஒரு பக்கம்தான் வரும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல செய்யவேண்டிய வாக்குன்னா, எதிராளி அவன் பங்க செய்ய தயாரா இல்லாதப்போ நீ உன் பங்க செய்யவேண்டியதில்லன்றது 51. எந்த வாக்கு முன்னாடின்னு ஒப்பந்தத்துல வரிசை எழுதிருந்தா அந்த வரிசைப்படி, எழுதலன்னா அந்த வேலையோட தன்மை என்ன கேக்குதோ அப்படின்றது 52. ஒருத்தரே இன்னொருத்தர வேலை செய்யவிடாம தடுத்துட்டா, தடுக்கப்பட்டவரு ஒப்பந்தத்த ரத்து பண்ணலாம், நஷ்டமும் கேக்கலாம்ன்றது 53. மொதல்ல செய்யவேண்டியவன் செய்யாம விட்டுட்டா, அதுக்கப்புறம் வரவேண்டியத அவன் உன்கிட்ட கேக்க முடியாது, உனக்கு ஆன நஷ்டத்தையும் அவன்தான் குடுக்கணும்ன்றது 54. இதுக்கு அந்த சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, ஹார்பர் பக்கத்துல பொறந்து வளந்த நமக்கு டக்குனு புரியும். ஒருத்தரு இன்னொருத்தரோட கப்பல வாடகைக்கு பேசறாரு, கல்கத்தால சரக்கு ஏத்தி மொரீஷியஸ் கொண்டுபோகணும், சரக்கு குடுக்கறது வாடகைக்கு எடுத்தவரு பொறுப்பு. அவரு சரக்கே குடுக்கல. அப்போ கப்பல் ஏன் போகலன்னு அவரு கேக்கமுடியாது, கப்பல்காரனுக்கு ஆன நஷ்டத்தையும் அவரே குடுக்கணும். எங்க கதைல சரக்குதான் அந்த வாசிப்பு புக்கு.

அதனால உன் எம்ஓயு-ல டார்கெட் எழுதிருக்கற எடத்துல "மார்ச் 31-க்குள்ள"ன்றத எடுத்துட்டு, "புக்கும் டிரெயினிங்கும் முதல் தவணையும் மூணும் வந்து சேந்த நாள்ல இருந்து எட்டு மாசத்துக்குள்ள"ன்னு எழுதச் சொல்லு. இந்த ஒரு வரி எங்ககிட்ட இருந்திருந்தா அந்த பொண்ணு போயிருக்காது. அதோட சேத்து இன்னொண்ணும் பழகிக்கோ, அவங்க தரவேண்டியது வரவேண்டிய தேதில வரலன்னா அன்னிக்கே ரெண்டு வரி மெயில் போடு, சண்டைக்கு இல்ல, "இன்னிக்கு வரவேண்டிய புக்கு இன்னும் வரல, வந்த நாள்ல இருந்து எங்க வேலைய கணக்கு வெச்சுக்கறோம்"னு மரியாதையா. ஃபோன்ல பேசினா போதும்னு விட்டுடாத. அங்க ஆபீசர் வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவாரு, புதுசா வர்றவருக்கு நீ பேசினது எதுவும் தெரியாது.

அடுத்தது, உன் கேள்வில "கோஆபரேஷன் க்ளாஸ் நல்லா எழுதிருக்காங்க, அத பாத்து நம்பிக்கை வந்துச்சு"ன்னு எழுதிருந்த. "இரு தரப்பும் நல்லெண்ணத்தோடயும் பரஸ்பர நம்பிக்கையோடயும் முழு ஒத்துழைப்பு தருவாங்க". எல்லா எம்ஓயு-லயும் இது இருக்கும். நான் அந்த வரிய பழிக்கல, எழுதினவங்களுக்கு நல்ல மனசே இருக்கலாம். ஆனா அது மட்டும் இருந்தா ஒரு வேலையும் நடக்காது, ஏன்னா ஒத்துழைக்கலன்னு நீ எத வெச்சு காட்டுவ? 1872 சட்டத்துல ஒப்பந்தத்த நடத்தும்போது நல்லெண்ணத்தோட நடக்கணும்னு தனியா ஒரு செக்‌ஷன் கெடயாது. அப்போ ஒத்துழைப்ப நாமதான் சின்னச் சின்ன வேலையா ஒடைச்சு எழுதணும்.

எப்படின்னா, எங்க சித்தப்பா காசிமேட்டுல விசைப்படகுல போனவரு, அவங்க கணக்க சின்ன வயசுலயே பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். பேப்பரே கெடயாது. ஆனா டீசலு, ஐஸு, ரேஷன் இதுக்கெல்லாம் யாரு முன்பணம் போடறது, கரைக்கு வந்தா மீன யாரு ஏலத்துக்கு இட்டுனு போறது, ஏலத்துல வந்ததுல மொதல்ல செலவு கழிக்கணும், அப்புறம்தான் ஓனருக்கும் ஆளுங்களுக்கும் பங்கு, வலை கிழிஞ்சா எந்த பக்கத்துல இருந்து எடுக்கறது, இது அத்தனையும் படகுல இருக்கற சின்ன பையன் வரைக்கும் தெரியும். வரிசை எல்லாருக்கும் தெரியறதாலதான் ஒருத்தர ஒருத்தர் நம்பி கடலுக்கு போறாங்க. ரெண்டு அமைப்பு சேரும்போது அந்த பழக்கம் இருக்காது, அவங்க ஊரு வேற, ஆபீஸ் வேற, அதனாலதான் நமக்கு பேப்பர்.

அதுல நாலஞ்சு விஷயம் எழுத வெச்சுடு. ரெண்டு பக்கமும் யாரு பேசவேண்டிய ஆள், பேரு இல்லன்னாலும் பதவி, அவர் மாறினா ஏழு நாள்ல யாருன்னு சொல்லணும். நாம ஒரு ரிப்போர்ட்டோ பட்ஜெட் மாத்தமோ அனுப்பினா பத்து வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும், சொல்லலன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம். இந்த கடைசி வரிக்கு அவங்க கண்டிப்பா தயங்குவாங்க, தயங்கினா பதினஞ்சு நாளுன்னு விட்டுக்குடு, ஆனா அந்த வரிய விட்டுடாத, நாங்க ஒரு தடவ ஒரு கம்ப்யூட்டர் வாங்க அனுமதிக்கு நாலு மாசம் காத்திருந்தோம், அதுக்குள்ள வருஷமே முடிஞ்சு அந்த தலைப்புல இருந்த காசு திரும்பிப்போச்சு. மாசத்துக்கு ஒரு மீட்டிங், அதுல பேசினத அவங்களோ நாமளோ ஒருத்தர் எழுதி ரெண்டு நாள்ல மெயில் போடணும். சென்டருக்கு பாக்க வரதுன்னா மூணு நாள் முன்னாடி சொல்லணும், பரீட்சை வாரத்துல வரக்கூடாது. பசங்க படிக்கற நேரத்துல பத்து பேரு கேமராவோட வந்து நின்னா அன்னிக்கு பாடம் போச்சு, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், அதனால இத எந்த ஒப்பந்தத்துலயும் விடாம எழுதி வாங்கறேன். கருத்து வேறுபாடு வந்தா மொதல்ல இந்த ரெண்டு ஆளுங்க, பதினஞ்சு நாள்ல தீரலன்னா ரெண்டு பக்கத்து தலைவருங்க, அப்புறம்தான் மத்தது.

காசு விஷயத்துல அவங்க நெலமையையும் கொஞ்சம் புரிஞ்சுக்கோ, அப்போதான் பேசறதுக்கு சுலபமா இருக்கும். கம்பெனீஸ் ஆக்ட் 2013 செக்‌ஷன் 135 படி சொத்து மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல எதையாவது தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்கு செலவு பண்ணணும். 2021-ல வந்த மாத்தத்துக்கு அப்புறம் அந்த காசு சொன்ன வேலைக்குத்தான் போச்சுன்னு கம்பெனியோட சிஎஃப்ஓ, அதாவது நிதிப் பொறுப்புல இருக்கற பெரிய அதிகாரி, சர்டிஃபை பண்ணணும். பல வருஷ புராஜெக்டா இருந்தா வருஷம் முடிஞ்சு 30 நாள்ல மிச்ச காச தனி அக்கவுண்ட்டுக்கு மாத்தணும், மூணு நிதியாண்டுக்குள்ள செலவு பண்ணணும். மார்ச் மாசம் ஆனா யுடிலைசேஷன் சர்டிபிகேட், அதாவது காச எதுக்கு செலவு பண்ணோம்ன்ற சான்று, கேட்டு ஏன் விடாம ஃபோன் பண்றாங்கன்னா இதனாலதான். கம்பெனி அவங்கள புடிக்குது, அவங்க நம்மள புடிக்கறாங்க. அதனால "கம்பெனியோட நீங்க போட்ட ஒப்பந்தத்துல எங்களையும் கட்டுப்படுத்தற க்ளாஸ் எதுவோ அத மட்டும் காப்பி குடுங்க"ன்னு கேளு. "மெயின் அக்ரிமென்ட்ல இருக்கறது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்"னு ஒரு வரி உன் பேப்பர்ல இருக்கும், பாக்காத ஒரு பேப்பருக்கு நீ கையெழுத்து போடக்கூடாது.

"கம்பெனி எங்களுக்கு குடுத்தாதான் நாங்க உங்களுக்கு குடுப்போம்"னு ஒரு க்ளாஸும் இருக்கும். இத முழுசா எடுக்கச் சொன்னா எடுக்கமாட்டாங்க. அதுக்கு பதிலா மூணு மாச சம்பளம் முன்பணமா வரணும், தவணை 30 நாள் தாண்டினா நாங்க புது சென்டர் வேலைய நிறுத்தி வெக்கலாம், நிறுத்தி வெச்ச நாள் டார்கெட்ல கழியணும், இப்படி கேளு. ஒத்துப்பாங்க, எனக்கு ரெண்டு எடத்துல ஒத்துக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் எழுத்துல வாங்காம விடாத, இந்த காசு உள்நாட்டு காசுதானா. வெளிநாட்டு நன்கொடைக்குன்னு இருக்கற எஃப்சிஆர்ஏ சட்டத்துல 2020-ல மாத்தம் வந்ததுக்கு அப்புறம், வெளிநாட்டு நன்கொடை வாங்கின அமைப்பு அத வேற எந்த அமைப்புக்கும் மாத்திக் குடுக்கவே கூடாது, வாங்கறவங்ககிட்ட எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூடாது. முன்னாடி பெரிய அமைப்பு வாங்கி சின்ன அமைப்புங்களுக்கு பிரிச்சு குடுக்கறது சகஜமா நடந்துச்சு, நம்ம பக்கத்துலயே எத்தினியோ சின்ன சென்டருங்க அப்படித்தான் ஓடுச்சு, அது நின்னுபோச்சு. அதனால "இதுல தர்ற பணம் வெளிநாட்டு நன்கொடை இல்ல"ன்னு அவங்க உறுதி குடுக்கற மாதிரி ஒரு வரி. அதே மாதிரி கம்பெனிக்கு குடுக்கற பேப்பர்ல செயல்படுத்தற அமைப்புன்னு யாரோட சிஎஸ்ஆர்-1 நம்பர், அதாவது சிஎஸ்ஆர் வேலை செய்யற அமைப்புங்களோட அரசாங்கப் பதிவு நம்பர், போடறாங்கன்னு கேட்டுக்கோ, 2021 ஏப்ரல்ல இருந்து அந்த பதிவு கட்டாயம்.

இப்போ மழை. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்தப்போ நம்ம பக்கம் எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நான் சொல்லவேண்டியதில்ல. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை சும்மா ஒரு மணி நேர மழைக்கே மூழ்கும், அப்போ நாள்கணக்குல தண்ணி. எங்க சென்டர்ல பசங்க நோட்டெல்லாம் நனஞ்சு கூழாயிடுச்சு, வருகைப் பதிவேடும் போச்சு. அப்புறம் ஆடிட்டுக்கு வந்தவரு டிசம்பர் மாச ரிஜிஸ்டர் கேக்கறாரு. கான்ட்ராக்ட் ஆக்ட் செக்‌ஷன் 56, செய்யவே முடியாதுன்னு ஆகிப்போன வேலைக்கு மட்டும்தான் ஒதவும், பத்து நாள் வெள்ளத்துக்கு அது வராது, பத்து நாள் கழிச்சு செய்யலாமேன்னு ஆயிடும். அதனால ஃபோர்ஸ் மஜூர் க்ளாஸ்ல, அதாவது நம்ம கைல இல்லாத பேரிடர் பத்தின க்ளாஸ்ல, போர், பூகம்பம்னு எழுதிருக்கறதோட வெள்ளம், புயல், அரசாங்கம் பள்ளிக்கு விடற லீவு இதையும் சேக்கச் சொல்லு, அந்த நாளுங்களுக்கு டீச்சர் சம்பளம் உண்டு, டார்கெட் தேதி தள்ளிப்போகும், நனஞ்சுபோன ஆவணத்துக்கு பதிலா வேற ஆதாரம் ஏத்துக்கணும்னு சேக்கச் சொல்லு. வெறும் "பொறுப்பாகாது"ன்ற வரி மட்டும் இருந்தா சம்பளம் யாரு தருவான்றது கேள்வியா நிக்கும். காசிமேடு சென்டருக்கு இன்னொண்ணு, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, வீட்ல வருமானம் இருக்காது, நெறைய குடும்பம் அந்த நேரத்துல ஊருக்கு போயிடும், பெரிய பசங்க ஏதாவது வேலைக்கு போவாங்க. அந்த ரெண்டு மாசத்துக்கு வருகை டார்கெட் வேற மாதிரி வெக்கணும்னு இப்பவே சொல்லிடு, டெல்லில உக்காந்து ஃபார்மேட் போட்டவங்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல, சொன்னா புரிஞ்சுப்பாங்க.

இன்டெம்னிட்டி, அதாவது நம்மளால அவங்களுக்கு வர்ற நஷ்டத்த நாம ஏத்துக்கறோம்ன்ற க்ளாஸ், பெரும்பாலும் ஒரு பக்கமா எல்லையே இல்லாம இருக்கும். ரெண்டு பக்கமும் வரணும், அவங்கவங்க தப்புக்கு மட்டும் வரணும், அதிகபட்சம் நாம இந்த ஒப்பந்தத்துல வாங்கின காசு அளவுக்குத்தான்னு ஒரு வரம்பு வரணும். "பார்ட்னர்"னு சொன்னாலும் இது சட்டப்படி பார்ட்னர்ஷிப் இல்லன்னு ஒரு வரி இருக்கும், அத பாத்து மனசு கஷ்டப்படாத, அது நமக்கு நல்லது. 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துல ஒரு பங்குதாரர் ஃபர்ம் பேருல பண்ணதுக்கு எல்லா பங்குதாரரும் பொறுப்பு, அந்த சிக்கல் நமக்கு வேணாம். டார்கெட் வரலன்னா மொத்த காசையும் வட்டியோட திருப்பி குடுக்கணும்னு இருந்தா, செக்‌ஷன் 74 படி கோர்ட்டு நியாயமான அளவுதான் குடுக்கச் சொல்லும், எழுதின தொகை அதிகபட்ச வரம்பு மட்டும்தான். ஆனா கோர்ட்டு வரைக்கும் போக நம்மகிட்ட காசும் இல்ல நேரமும் இல்ல, அதனால இப்பவே "செலவு பண்ணாம மிச்சம் இருக்கற காசும், தப்பான வேலைக்கு செலவு பண்ண காசும் மட்டும்"னு மாத்திடு.

பசங்க பாதுகாப்பு பத்தி ஒரு க்ளாஸ் இருக்கும், அத ரெண்டு தடவ படி. நான் பாத்த ஒரு பேப்பர்ல, குழந்தைக்கு எதிரா ஏதாவது நடந்தது தெரிஞ்சா மொதல்ல தலைமை அலுவலகத்துக்கு சொல்லணும், அவங்க எழுத்துல அனுமதி குடுத்த அப்புறம்தான் வெளிய யாருக்கும் தெரிவிக்கணும்னு இருந்துச்சு. இத எந்த காரணத்துக்கும் ஒத்துக்காத. குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 2012 செக்‌ஷன் 19 படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்கு சொல்லியே ஆகணும், சொல்லலன்னா செக்‌ஷன் 21-ல தண்டனை, அமைப்புக்கு பொறுப்புல இருக்கறவரு தனக்கு கீழ வேலை செய்யறவரு பண்ணத சொல்லாம விட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். யாரோட அனுமதியும் வேணாம். "போலீசுக்கு உடனே தெரிவிப்போம், அதே நாள்ல உங்களுக்கும் தெரிவிப்போம்"னு மாத்தச் சொல்லு. முடியாதுன்னா அந்த காசே வேணாம், நம்மகிட்ட நம்பி அனுப்பற அம்மாங்க முகத்த பாக்கணும் நாம. ஃபோட்டோவுக்கும் பெத்தவங்க சம்மதம் தமிழ்ல எழுதின ஃபாரத்துல வாங்கணும்னு சேத்துடு, இங்கிலீஷ் ஃபாரத்துல கைநாட்டு வாங்கறது சம்மதம் இல்ல.

பிரச்சன வந்தா ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு பதிலா ஆர்பிட்ரேட்டர்னு ஒரு நடுவர் வெச்சு தீத்துக்கறது), எடம் டெல்லி, ஆர்பிட்ரேட்டர அவங்களே நியமிப்பாங்கன்னு இருக்கும். 2019-ல சுப்ரீம் கோர்ட்டு பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்குல சொல்லிடுச்சு, முடிவுல ஆதாயம் இருக்கற ஒருத்தர் தானா தனி ஆர்பிட்ரேட்டர நியமிக்க முடியாதுன்னு. அத சொல்லி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஆள்னு மாத்தச் சொல்லு. எடம் சென்னைன்னு மாத்தக் கேளு, டெல்லிக்கு ரெண்டு தடவ போய்வர டிக்கெட் காசுல ஒரு டீச்சருக்கு ஒரு மாச சம்பளம் குடுத்துடலாம். அதுக்கு முன்னாடி மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சுன்னு ஒரு படி வெக்கச் சொல்லு, நம்ம ஹைகோர்ட் வளாகத்துலயே அதுக்குன்னு சென்டர் இருக்கு.

முடிச்சுக்கற க்ளாஸ்ல அவங்களுக்கு 30 நாள், நமக்கு 90 நாள் நோட்டீஸ்னு இருந்தா ரெண்டையும் ஒண்ணாக்கு. அதோட கல்வியாண்டு நடுவுல யாரு முடிச்சாலும் மே மாசம் வரைக்கும் டீச்சர் சம்பளம் வரணும்னு கேளு, இதுக்கு கொஞ்சம் மல்லுக்கட்டணும். சென்டர் பேரு, பசங்க ரிஜிஸ்டர், நீங்களே பன்னெண்டு வருஷமா எழுதி வெச்ச பாடக்குறிப்பு, இதெல்லாம் உங்களோடதுதான்னு ஒரு வரி. வேற யார்கிட்டயும் காசு வாங்கக்கூடாதுன்னு இருந்தா, மூணாவது சென்டருக்கு மட்டும்னு சுருக்கு, பழைய ரெண்டு சென்டருக்கு அரிசி பருப்பு தர்ற கடைக்காரங்க, பண்டிகைக்கு நோட்டு வாங்கித்தர்ற பழைய மாணவருங்க, அவங்களையெல்லாம் விட்டுடாத.

இவ்ளோ மாத்தம் கேட்டா போயிடுவாங்களோன்னு பயமா இருக்கும், எங்களுக்கும் இருந்துச்சு. எல்லாத்தையும் கேக்காத. வரிசை, பதில் சொல்ல நாள் கணக்கு, போக்சோ வரி, வெளிநாட்டு காசு இல்லன்ற உறுதி, மழை, இந்த அஞ்சையும் விடாத, மத்ததுல வளஞ்சுக்கோ. கேக்கறத ஃபோன்ல கேக்காம மெயில்ல அனுப்பு: "உங்களோட சேந்து வேலை செய்ய எங்களுக்கு ஆசை. நாங்க சொன்ன வேலைய சொன்ன நாள்ல முடிக்கறதுக்கு இந்த அஞ்சு எடத்துல சின்ன மாத்தம் தேவைப்படுது, வரிய நாங்களே எழுதி இணைச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக்கு பதிலா அடுத்த புதன்கிழமை உங்க ஆள் ஒருத்தர் எங்க சென்டருக்கு வந்தா அரை மணி நேரத்துல பேசி முடிச்சுடலாம்." வரிய நீயே எழுதி அனுப்பறதுதான் முக்கியம், அவங்கள எழுதச் சொன்னா அவங்க வக்கீல் டேபிள்ல ரெண்டு மாசம் கெடக்கும். எழுதறதுக்கு ஒதவி வேணும்னா ஞாயித்துக்கிழமை காலைல தண்டையார்பேட்டைக்கு வா தம்பி, பிரிண்ட்ட கோடு போட்டு எடுத்துட்டு வா, உக்காந்து எழுதிடலாம்.